டம்டம் குண்டும் அதற்குச் சொன்ன நியாயமும்

கொல்கத்தா விமான நிலையத்தை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் டம்டம் என்றே சொல்கிறார்கள். விமானம் வருவதற்கு வெகுகாலம் முன்பு அது பீரங்கிப்படை முகாம். 1857 ஜனவரியில் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிய பேச்சு முதலில் வெளியே கேட்டதும் அங்கேதான். தண்ணீர் கேட்ட ஆயுதச்சாலைத் தொழிலாளிக்குப் பிராமணச் சிப்பாய் ஒருவர் சாதியைச் சொல்லிச் சொம்பைத் தர மறுத்தாராம். "பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசிய தோட்டாவைப் பல்லால் கடிக்கப் போகிறாய், அப்போது உன் சாதி எங்கே போகும்?" என்று தொழிலாளி திருப்பிக் கேட்டாராம். அதற்குப் பின் நடந்தது பள்ளிப் பாடத்தில் இருக்கிறது.

நாற்பது ஆண்டுகள் கழித்து அதே டம்டம் தோட்டாத் தொழிற்சாலை உலக மொழிகளுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தது. 1895-இல் வடமேற்கு எல்லையில் சித்ரால் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது, அதை மீட்கப் போன படையிடம் புதிய லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கிகள் இருந்தன. அவற்றின் குண்டு மெல்லியது, வேகமானது. ஈய உருண்டையைச் செம்பும் நிக்கலும் கலந்த உறை முழுக்க மூடியிருந்ததால், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சுத்தமாக வெளியேறிவிடும். அதிகாரிகளின் குறையே அந்தச் சுத்தம்தான். அடிபட்டவன் விழவில்லை, வாளோடு தொடர்ந்து ஓடி வருகிறான் என்றார்கள். டம்டம் தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே இதற்குக் கண்ட வழி மிக எளியது. உறையை முனையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்துவிட்டார். வெளியே தெரியும் அந்தப் பொட்டளவு ஈயம் சதையில் பட்டதும் நசுங்கிக் காளானைப் போல விரியும். நுழைந்த இடத்தில் சிறு துளைதான், உள்ளே போன வழியெல்லாம் கிழிசல். 1897-98 தீரா படையெடுப்பில் ஆப்ரிதிப் பழங்குடியினர் மேல் அது பாய்ந்தது.

அடுத்த ஆண்டு, 1899 மே மாதம், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் அழைப்பின் பேரில் 26 நாடுகள் ஹேக் நகரில் கூடின. படைக்குறைப்பு பற்றிப் பேசுவதாகத்தான் ஏற்பாடு. அது நடக்கவில்லை. ஆனால் சில ஆயுதங்களைத் தடை செய்வது பற்றி விரிவாகப் பேச்சு நடந்தது. விரியும் குண்டு அதில் ஒன்று. பிரிட்டனின் சார்பில் பேசியவர் மேஜர் ஜெனரல் சர் ஜான் ஆர்டா. அவர் வாதத்தின் சாரம் இது: நாகரிகப் போரில் சிறு குண்டு பட்ட சிப்பாய் தனக்குக் காயம் என்று உணர்ந்து மருத்துவ வண்டியை நோக்கிப் போய்விடுவான். காட்டுமிராண்டியின் கதை வேறு. இரண்டு மூன்று குண்டு துளைத்தாலும் அவன் நிற்க மாட்டான். ஹேக் மாநாட்டுத் தீர்மானங்களை அவன் அப்பட்டமாக மீறுகிறான் என்று யாராவது அவனுக்கு எடுத்துச் சொல்வதற்குள் உங்கள் தலையை வெட்டிவிடுவான்.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்திருக்கும். நகைச்சுவை உணர்வுள்ள மனிதர்தான் ஆர்டா. ரஷ்யத் தரப்பிலிருந்து பதில் வந்தது: நாகரிகமுள்ள பகைவன், நாகரிகமற்ற பகைவன் என்று பிரிக்கலாகாது, இருவரும் மனிதர்கள், ஒரே மாதிரி நடத்தப்பட வேண்டியவர்கள். வாக்கெடுப்பில் தடைக்கு ஆதரவாக 22, எதிராக 2. எதிர்த்தவை பிரிட்டனும் அமெரிக்காவும். போர்ச்சுகல் ஒதுங்கிக்கொண்டது.

பிரிட்டனின் தரப்பில் ஒரு நியாயமான புள்ளியும் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குண்டின் கொடுமைக்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஜெர்மானியப் பேராசிரியர் புரூன்ஸின் சோதனைகள் டம்டம் குண்டை வைத்து நடந்தவை அல்ல, ஈயம் இன்னும் அதிகமாக வெளியே தெரிந்த வேட்டைக் குண்டுகளை வைத்து நடந்தவை. பிரிட்டன் அதைச் சுட்டிக்காட்டியது சரிதான். இன்னொன்று: ஹேக் தீர்மானம் கையெழுத்திட்ட நாடுகளுக்கிடையே நடக்கும் போரை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆப்ரிதிகள் எதிலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை. ரஷ்யர் பெருந்தன்மையாகப் பேசினார், தீர்மானமோ ஆர்டா போட்ட கோட்டிலேயே நின்றது. 1907-இல் பிரிட்டனும் அதை ஏற்றுக்கொண்டது.

ஆர்டாவின் பேச்சில் எனக்குப் பிடித்தது (பிடித்தது என்று சொல்லலாமா தெரியவில்லை) அதன் ஒளிவுமறைவின்மை. ஆயுதத்துக்காக வாதாடும் எவரும், அது யார் மேல் பாயப் போகிறதோ அவரைப் பற்றி ஒரு வர்ணனையைத் தம்மை அறியாமல் கொடுத்துவிடுகிறார். ஆர்டா அறிந்தே கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் நாகரிகம் கருதி அந்த வர்ணனையை உள்ளே மடித்து வைத்தார்கள். ஆயுத நியாயங்களைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்த மடிப்பைத்தான்.

டம்டம் குண்டின் கதை ஹேக்கில் முடிந்துவிடவும் இல்லை. போரில் தடை செய்யப்பட்ட விரியும் குண்டு, காவல்துறையின் இடுப்பில் திரும்பி வந்தது. நியூயார்க் காவல்துறை 1990-களின் இறுதியில் குழிமுனைக் குண்டுக்கு மாறியபோது சொன்ன காரணம் பொதுமக்களின் பாதுகாப்பு: சாதாரணக் குண்டு குற்றவாளியைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்கும் வழிப்போக்கரைக் கொல்லும், விரியும் குண்டு உடலுக்குள்ளேயே நின்றுவிடும். இதில் உண்மை இருக்கிறது. நெரிசலான தெருவில் நானும் அந்த வழிப்போக்கராக இருக்கக்கூடும். ஆனால் கவனியுங்கள், 1899-இல் குண்டைத் தடை செய்யக் காரணமாக இருந்த அதே குணம் இங்கே அதன் தகுதியாகிவிட்டது. குண்டு மாறவில்லை. உயிர் யாருடையது என்ற கணக்கு மாறியிருக்கிறது.

உயிர் காக்கும் ஆயுதம் என்ற பேச்சுக்கு வயது அதிகம். சுழலும் குழல்கள் கொண்ட துப்பாக்கிக்கு 1862-இல் காப்புரிமை வாங்கிய ரிச்சர்ட் கேட்லிங் மருத்துவம் படித்தவர், தொழிலாகச் செய்யாதவர். 1877-இல் எழுதிய கடிதமொன்றில் தம் எண்ணத்தை விளக்குகிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயத்தோடும் நோயோடும் பிணமாகவும் திரும்பிய சிப்பாய்களைப் பார்த்தாராம். ஒரே ஆள் நூறு பேரின் வேலையைச் செய்யும்படி ஒரு துப்பாக்கி இருந்தால் பெரும்படைகளே தேவைப்படாது, நோயிலும் போரிலும் சாகிறவர்கள் குறைவார்கள் என்று தோன்றியதாம். மனமறிந்து பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கணக்கில் துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கும் ஆள் மட்டும் இருந்தார். 1898 செப்டம்பர் 2 அன்று சூடானின் ஓம்துர்மானில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் சேர்ந்து ஒரு காலைப்பொழுதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மஹ்தி வீரர்களைக் கொன்றன. பிரிட்டிஷ்-எகிப்தியத் தரப்பில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. கேட்லிங் சொன்ன உயிர்ச் சிக்கனம் பலித்தது, ஒரு பக்கத்துக்கு.

வாயு விஷயத்தில் வாதங்கள் இன்னும் கூர்மையானவை. அதே 1899 ஹேக் மாநாட்டில், மூச்சுத் திணறடிக்கும் வாயுவைப் பரப்பும் எறிகுண்டுகளைத் தடை செய்யும் தீர்மானத்தை அமெரிக்கக் கடற்படை கேப்டன் ஆல்ஃபிரட் தாயர் மஹான் எதிர்த்தார். நள்ளிரவில் ஒரு போர்க்கப்பலின் அடியை வெடிவைத்துப் பிளந்து, நானூறு ஐந்நூறு பேரைத் தண்ணீரில் மூச்சுத் திணறிச் சாகவிடுவது சரி என்கிறீர்கள், வாயுவால் திணறடித்தால் மட்டும் ஏன் இந்த இளகிய மனம் என்று கேட்டார். பதில் சொல்லக் கடினமான கேள்வி. ஏற்கெனவே நாம் பொறுத்துக்கொண்ட கொடுமையை அளவுகோலாக வைத்துப் புதியதை அளக்கும் முறை இது. இந்த அளவுகோலில் எந்தப் புதிய ஆயுதமும் தோற்காது, ஏனென்றால் பழையது எப்போதும் போதிய அளவு கொடியதாக இருக்கும்.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே அருகில் ஜெர்மன் படை 150 டன்னுக்கு மேல் குளோரினைக் காற்றில் திறந்துவிட்டது. அதை முன்னின்று நடத்தியவர் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர். காற்றிலிருந்து உரம் செய்ய வழிகாட்டிக் கோடிக்கணக்கானோரின் சோற்றுக்குக் காரணமானவரும் அவர்தான். ஹேக் உடன்பாடு மீறப்பட்டதே என்ற குற்றச்சாட்டுக்கு ஜெர்மனி தந்த விளக்கம் ஒரு வழக்கறிஞரை மகிழ்விக்கும்: உடன்பாடு எறிகுண்டுகளைத்தான் தடுக்கிறது, நாங்கள் உருளைகளின் வாயைத் திறந்தோம், எதையும் எறியவில்லை.

வாயுவுக்காக எழுந்த குரல்களில் மிகத் திறமையானது ஜே.பி.எஸ். ஹால்டேனுடையது. உயிரியலாளர், முதல் உலகப் போரில் களத்தில் நின்று காயம்பட்டவர், வாயு முகமூடி ஆய்வில் தம் உடலையே சோதனைப் பொருளாக்கியவர். 1925-இல் வெளியிட்ட சிறு நூலில் வாயுப் போரைப் புள்ளிவிவரத்தோடு ஆதரித்தார். மஸ்டர்ட் வாயு பட்ட பிரிட்டிஷ் வீரர்களில் நாற்பதில் ஒருவர்தான் இறந்தார், வெடிகுண்டு பட்டவர்களின் கதி அதைவிட மோசம் என்பது அவர் வாதம். இறப்பை மட்டும் எண்ணினால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சில பக்கங்கள் தள்ளி மடிப்பு பிரிகிறது. கறுப்புத் தோலுள்ளவர்களில் பெரும்பாலோர் மஸ்டர்ட் வாயுவின் கொப்புளங்களைத் தாங்குகிறார்களாம். எனவே அத்தகையவர்களைக் கொண்டு படை அமைக்கலாம், அதை நடத்துவதற்குப் போதுமான அளவு தாங்குதிறனுள்ள வெள்ளை அதிகாரிகளும் கிடைப்பார்கள் என்று போகிறது யோசனை. இதே ஹால்டேன் 1957-இல் பிரிட்டனை விட்டு வந்து, டம்டம்முக்கு அருகிலுள்ள பரானகரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார், இந்தியக் குடிமகனானார், 1964-இல் புவனேஸ்வரில் இறந்தார். மனிதர்களை எளிதில் தரம் பிரித்துவிட முடியாது.

1919 மே மாதம் போர்த்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில், நாகரிகமற்ற பழங்குடிகளுக்கு எதிராக விஷவாயுவைப் பயன்படுத்தத் தாம் முழு ஆதரவு என்று எழுதினார். அவர் மனத்தில் இருந்தது பெரும்பாலும் கண்ணீர்ப்புகை போன்றது, உயிரிழப்பைக் குறைப்பதே நோக்கம் என்பதையும் அதே குறிப்பில் சொல்கிறார். இந்த மாதிரி வெளிப்படையான பேச்சு இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரங்கை விட்டுப் போயிற்று. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது சதவீதம்.

2023 ஜூலையில் அமெரிக்கா உக்ரைனுக்குக் கொத்துக் குண்டுகளைக் கொடுக்க முடிவு செய்தபோது பென்டகன் முன்வைத்த எண் 2.35. கொடுக்கப்போகும் குண்டுகளில் வெடிக்காமல் தங்குபவை 2.35 சதவீதத்துக்கு மேல் இருக்காது, ரஷ்யக் குண்டுகளில் அது 30 முதல் 40 வரை என்றார்கள். ஒருவகைப் பீரங்கிக் குண்டுக்குள் 72 சிறுகுண்டுகள் இருக்கும். 2.35 சதவீதம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றோ இரண்டோ மண்ணில் தங்கும். ஆயிரம் குண்டுகளுக்கு ஏறத்தாழ 1,700. தசமப் புள்ளி துல்லியத்தின் தோற்றத்தைத் தருகிறது, அவ்வளவுதான். உக்ரைன் தரப்பில் வலுவான பதில் இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை: எங்கள் நிலம், எங்கள் மக்கள், பிறகு தேடி எடுக்கப்போவதும் நாங்களே. ஆயுதத்தின் விளைவைச் சுமக்கப்போகிறவரே அதைக் கேட்கும் அரிய சந்தர்ப்பம் அது. ஆனால் கேட்டவர் அரசு. பத்து ஆண்டு கழித்து அந்த வயலில் மாடு மேய்க்கப்போகிறவரிடம் யாரும் கேட்டிருக்க முடியாது.

காஷ்மீரின் பெல்லட் துப்பாக்கிக்கு வருவோம். 2010 போராட்டங்களில் துப்பாக்கிச் சூட்டில் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், உயிரைப் பறிக்காத மாற்று என்று அது கொண்டுவரப்பட்டது. ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான ஈயப் பொடிமணிகள். சுட்டதும் முறத்திலிருந்து தானியம் சிதறுவது போலப் பரவும். எந்த மணி எங்கே போகும் என்பது சுட்டவர் கையில் இல்லை. 2016 ஜூலைக்குப் பின் ஸ்ரீநகர் மகாராஜா ஹரி சிங் மருத்துவமனையின் கண் பிரிவு இளைஞர்களால் நிரம்பியது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனபோது மத்திய ரிசர்வ் போலீஸ் படை தந்த கணக்கு, 32 நாட்களில் சுமார் 13 லட்சம் பெல்லட்கள். கூடவே ஒரு வாதமும் வைத்தது: இதைப் பறித்துக்கொண்டால் நெருக்கடியில் ரைபிளால் சுடுவதைத் தவிர வழியிருக்காது, சாவு அதிகமாகும்.

மஹானின் அளவுகோல் இங்கே திரும்பி வந்திருப்பதைப் பார்க்கலாம். கண்ணா, உயிரா என்று கேட்டால் யாரும் உயிர் என்றுதான் சொல்வார்கள். கேள்வியை அப்படி அமைத்ததில்தான் விஷயம் இருக்கிறது. அதே 2016 பிப்ரவரியில் ஹரியானாவில் ஜாட் இடஒதுக்கீட்டுப் போராட்டம் பெரும் கலவரமானது. அங்கே பெல்லட் ஏன் வரவில்லை என்று அப்போதே கேட்டார்கள். இரண்டு ஊர்க் கூட்டத்தைப் பற்றியும் அரசிடம் இருந்த வர்ணனை ஒன்றாக இல்லை என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

வர்ணனை எண்ணிக்கையாகவே மாறிய இடம் வன்னி. 2009-இல் இலங்கை அரசு தன் போருக்குச் சூட்டிய பெயர் மனிதாபிமான நடவடிக்கை. பொதுமக்களில் ஓர் உயிர்கூடப் போகாது என்பது அறிவித்த கொள்கை. மக்கள் ஒதுங்குவதற்கென்று பாதுகாப்பு வலயங்களும் அறிவிக்கப்பட்டன. அந்த வலயங்களுக்குள்ளேயே எறிகணைகள் விழுந்தன என்பதை ஐ.நா. செயலரின் நிபுணர் குழு 2011-இல் விரிவாகப் பதிவு செய்தது. பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. அந்த அறிக்கையில் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. பிப்ரவரியில் அரசு, வன்னியில் சிக்கியிருப்பவர்கள் 70,000 பேர்தான் என்றது. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். ஆனால் அரசு சொன்ன அந்த 70,000-ஐ வைத்துத்தான் உணவும் மருந்தும் அனுப்பப்பட்டன. ஆர்டா எதிரில் இருப்பவனைக் காட்டுமிராண்டி என்றார், இருக்கிறான் என்பதையாவது ஒப்புக்கொண்டார். இங்கே இரண்டு லட்சம் பேர் கணக்கிலேயே இல்லை. இல்லாதவர் மேல் எறிகணை விழ முடியாது, இல்லாதவருக்குக் கஞ்சி வேண்டியதும் இல்லை.

புலிகள் தரப்பும் தன் மக்களைப் பற்றி ஒரு வர்ணனை வைத்திருந்தது. மக்கள் தாமாகவே எங்களோடு நிற்கிறார்கள் என்றது. தப்பியோட முயன்றவர்களைப் புலிகள் சுட்டார்கள் என்று அதே அறிக்கை சொல்கிறது. தாமாக நிற்கிறவர் ஓட மாட்டார். ஆகவே ஓடுகிறவர் மக்கள் கணக்கில் வர மாட்டார். இரு தரப்பும் புதைத்த மிதிவெடிகளை முகமாலை மணலில் ஆண்டுக்கணக்காகத் தோண்டி எடுத்தார்கள். அந்த வேலையில் இருந்தவர்களில் பலர் அந்த மண்ணிலேயே வாழ்ந்த பெண்கள், போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு.

கடைசியாக ஒரு நியாயம், நம்மூரில் மிகவும் விரும்பிச் சொல்லப்படுவது: ஆயுத ஆராய்ச்சியால் மக்களுக்கும் நன்மை விளைகிறது. இதை அப்துல் கலாம் அளவுக்கு மனம் தொடும்படி யாரும் சொன்னதில்லை. அக்னி ஏவுகணைக்காக ஐதராபாத்தில் எடைகுறைந்த கார்பன் பொருள் ஒன்றைச் செய்திருந்தார்கள். ஒருநாள் நிஜாம் மருத்துவக் கழகத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆய்வகத்துக்கு வந்து, அதைக் கையில் தூக்கிப் பார்த்து வியந்து, கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரைக் காலில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். கலாமின் குழு அதே பொருளில் 300 கிராமில் காலிப்பர் செய்துகொடுத்தது. குழந்தைகள் ஓடினார்கள், பெற்றோர் கண்ணீர் விட்டார்கள். தம் வாழ்வின் பேரானந்தங்களில் ஒன்று என்று மேடை மேடையாகச் சொன்னார் அவர். அந்த ஆனந்தத்தை நான் ஐயப்படவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன இன்னொரு விவரத்தில்தான் என் மனம் நிற்கிறது: அந்தக் காலிப்பரைச் செய்து முடிக்க ஆனது மூன்று வாரம். கேட்க ஆள் வந்த பிறகு, மூன்றே வாரம். மருத்துவர் அன்று ஆய்வகப் பக்கம் வராமல் போயிருந்தால் அந்தக் குழந்தைகள் இன்னும் எத்தனை ஆண்டு மூன்று கிலோவை இழுத்திருப்பார்கள் என்பது மட்டும் கதையில் வருவதில்லை.